கைப்பிடி சுட்டால்

விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டு, தன் மேலதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“டெஸ்ட் பண்ண வந்த அஞ்சு டெவலப்பருங்களும் தடுமாறினத வாயே தொறக்காம பாத்துக்கிட்டு இருந்தேன் சார்.”

“ஒத்தாசை பண்ணியிருக்கலாமேம்மா?”

“பண்ணியிருந்தா எங்க தடுமாறுறாங்கன்னு தெரியுமா? நாம எழுதின கோடு லைப்ரரிய அவங்க சாஃப்ட்வேர்ல சேக்கவே முடியல. எல்லாரும் ஒரே எடத்துல நின்னுட்டாங்க.”

“வெளக்கம் எழுதித்தானே வச்சிருக்கோம், படிக்கச் சொல்லு. நாளைக்கு ரிலீஸு.”

“இப்படியே வெளிய வுட ஒத்துக்க மாட்டேன் சார். வேலைய வுட்டு அனுப்பினாலும் சரி. எங்க ஊர்ல பீங்கான் கப்பு செய்யறாங்க. கைப்பிடி சுட்டா, குடிக்கிறவன் வெரலையா கொற சொல்லுவாங்க?”

“இதுல என்னம்மா கஷ்டம்? இரு, நானே இப்ப சேத்துக் காட்டறேன்.”

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்பீக்கரில் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

“ஏம்மா, ஏதோ தப்புன்னு வருது. எது தப்புன்னு போடலியே? அடுத்து என்ன பண்றது?”

“சொல்ல மாட்டேன் சார். இப்ப நீங்க ஆறாவது ஆளு.”