நின்றுபோன துதிப்பாட்டு

— அன்னைக்கு கோயில்ல இருந்தவங்க பேர் சொல்றேன், கேட்டுக்கோங்க. பெண்கள் பக்கம் நவமணி, எஸ்தர் டீச்சர். ஆண்கள் பக்கம் சாலமோன், அவன் தம்பி ஏசுபாதம். அவங்களுக்கு முன்னால, பாடகர் குழுத் தலைவனா நான். முதல் பெஞ்சுல நீங்க, உங்க மகன் பாஸ்கர், அவன் மடியில குழந்தை. பெட்டியில என் மக சுகிர்தா. இத்தனை பேருல நான் குடிச்சிருந்தேன்னு சொன்னது யாரு, மங்கம்மா?

— எவன்னு சொல்றது அண்ணாத்தே? காசிமேடு ஏலத்துல மீன் எடுக்கப் போனா அங்கயும் அதே பேச்சு. பெத்த பொண்ணு சாவுக்கே ஊத்திக்கினு வந்து பாட்ட பேஜார் பண்ணிட்டாருன்னு.

— எங்க வம்சத்துல மது தொட்டவன் கிடையாது. ராயபுரத்துல எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தக் கோயில் பாட்டு எங்க குடும்பத்துக் கையில. அதைப் போய் ஏலத்துல சொல்லுங்க.

— அத்த நான் இன்னாத்துக்கு சொல்லணும்? நீ குடிச்சிருந்தாக்கூட தேவலன்னு கீது எனக்கு.

— என்ன பேசுறீங்க?

— குடிக்கலன்னா வேணும்னே பண்ணதுன்னு ஆவுது இல்ல? பாஸ்கர் அப்டித்தான் சொல்லிக்கினு கீறான். மீன் புடிக்கிறவன கட்டிக்கினு போனவ, இவளுக்கு இன்னா பாட்டுன்னு பாதில அறுத்து வுட்டாருன்னு. திருவொத்தியூர் வூட்ட காலி பண்ணிட்டு காட்டுப்பள்ளி பக்கம் போறான். கொயந்தைய உன் கண்ணுலயே காட்ட மாட்டானாம்.

— போகட்டும்.

— வாய்தான் சொல்லுது. அன்னிக்கு கோயில்ல கொயந்தையவே பாத்துக்கினு நின்னியே, எனக்கு கண்ணு இல்லியா?

— டீ ஆறுது. குடிங்க.

— டீ கெடக்கட்டும். அவ கட்டிக்கினு போனப்ப எனக்கு மகளே இல்லன்னு சபை நடுவுல நின்னு சொன்னவன் நீ. பாஸ்கர் அத்த நம்புவானா, நீ கொயந்தைய பாத்தத நம்புவானா? அந்த துண்டு பாட்டுக்கு இவ்ளோ ரகளை.

— துண்டுப் பாட்டு இல்ல, துதிப்பாட்டு. நாலே வரி. ஆராதனை முடியறப்போ சபை எழுந்து நிக்கும், பாடகர் குழு பாடும், கடவுளுக்கு மகிமைன்னு. கல்யாணம்னாலும் உண்டு, சாவுன்னாலும் உண்டு.

— சாவுல இன்னா மகிமை?

— அது எங்க முறை.

— அவளும் இப்டித்தான் சொல்லுவா. மஞ்சக்காமாலை வந்து ஆசுபத்திரில கெடக்கறப்ப, அந்தப் பாட்டு எனக்கு வேணும், கோயில்லதான் வெக்கணும்னு புருசன் கைய புடிச்சுக்கினு கேட்டா. இல்லாங்காட்டி அவன் உங்க கோயில் வாசப்படி ஏறுவானா? வூட்ல மீன் அலசிக்கினே பாடுவா. புள்ளைய தூங்க வெக்கவும் அதான்.

— எவ்வளவு உசரத்துல பாடுவா?

— உசரமா? எனக்கு இன்னா தெரியும் அது? பக்கத்து வூட்டுக்காரி வேலைய வுட்டுட்டு வந்து நிப்பா.

— மூணாவது வரியில எங்கயாவது நிறுத்துவாளா?

— நிறுத்தவே மாட்டா. மேல போயிக்கினே இருக்கும். நீ பேச்ச மாத்தாதே. உங்க ஆளுங்க மூணாவது வரில நின்னுட்டாங்களே, அந்த டீச்சரம்மா தொண்டைய புடிச்சுக்கினு. அது எப்டி?

— அவங்களுக்கு எட்டல.

— வாராவாரம் பாடற பாட்டு எட்டலியா?

— அடக்க ஆராதனையில நாங்க ஆர்கன் வாசிக்கிறதில்ல. நான் வாயால சுருதி குடுப்பேன், அதைப் பிடிச்சுத்தான் எல்லாரும் எடுப்பாங்க. அன்னைக்கு உசரமாக் குடுத்துட்டேன்.

— தலை நரைக்கிற வரைக்கும் பாடினவன். உனக்கு எப்டி தப்பும்? பாஸ்கர் இதத்தான் கேப்பான். நான் இன்னா பதில் சொல்ல?

— பெரியவருக்கு சுருதி தவறிடுச்சுன்னு சொல்லுங்க.

— தோ பாரு அண்ணாத்தே. அவ சாமானெல்லாம் மூட்ட கட்டியாச்சு. நாளைக்கு வண்டி வருது. கௌரவம் பாத்துக்கினு குந்தினு இருந்தியானா புள்ள போயிடும். வாய தொறந்து சொல்லு.

— சுகிர்தா உங்க வீட்டுக்கு வந்துட்ட பிறகு, அந்தப் பாட்டோட சுருதியை நாங்க குறைச்சுட்டோம். அவ குழுவுல இருந்தப்போ மூணாவது வரி அவ குரல்லதான் நின்னுது. மத்தவங்களுக்கு அது வராது. அதுலேர்ந்து குறைச்சேதான் பாடுறோம்.

— அது இன்னாத்துக்கு இப்போ?

— பாஸ்கர்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் குடிக்கல. பாட்டை அறுக்கவும் இல்ல. அவ பாடுவான்னு நினைச்சு, அவ சுருதியைக் குடுத்துட்டேன்.