ரெண்டு முத்துச்சாமி

இல்ல சார், பெட்டிய இப்ப எறக்க வேணாம். வண்டியிலயே இருக்கட்டும். செத்த நேரம் இப்படி நெழல்ல உக்காருங்க. அஜித்தோட அப்பன் கேக்குறேன், ஒரே ஒரு சேதி, கேட்டுட்டு எந்திரிங்க.

அந்தா, மந்தையில கல்லு தெரியுதுல்ல? வெள்ளக்காரன் நட்டது. மொத ஜெர்மன் சண்டைக்குப் போய்ச் செத்த ஊராளுக பேரு வெட்டியிருக்கும். அதுல முத்துச்சாமின்னு இருக்குறது எங்க தாத்தா.

மழ பேயாத வருசமாம் சார். திண்டுக்கல் கோட்டைக்குக் கீழ தமுக்கடிச்சு ஆளெடுத்திருக்காக. மூணு வேள சோறுன்னதும், கூழுக்கு வழியில்லாத சனம் போகாம இருக்குமா? கப்பலேத்தி ஈராக்குப் பாலைவனத்துல, பஸ்ராவுல கொண்டுபோய் எறக்குனாக. நம்ம குஜிலியம்பாறப் பொட்டக்காடெல்லாம் அதுக்குச் சோலைம்பாராம் தாத்தா. குண்டுல செத்ததவிட காச்சல்லயும் தண்ணியில்லாமயும் செத்ததுதான் அதிகமாம். உங்க பட்டாளத்துப் புத்தகத்துல எப்படி எழுதியிருக்கோ, எங்க வீட்டுல இப்படித்தான்.

இருங்க சார், எந்திரிக்காதீக. விசயமே இனிமேத்தான்.

தாத்தா செத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. அப்பத்தா தாலிய எறக்கிட்டாக. காரியம் முடிஞ்சு, கல்லுலயும் பேர வெட்டியாச்சு. ஒருநா வடமதுரை ஸ்டேசன்ல ரயில விட்டு எறங்கி நடந்தே வாராரு மனுசன்! ஊர்ல ரெண்டு முத்துச்சாமி சார். பட்டாளத்துல ஒரே கம்பெனி. செத்தது வடக்குத்தெரு முத்துச்சாமி. வெள்ளக்காரனுக்கு எல்லா முத்துச்சாமியும் ஒண்ணுதான, ஆள மாத்தி எழுதிட்டான். அந்தக் கல்லு முன்னாடியே நிப்பாட்டி அப்பத்தாளுக்கு மறுபடி தாலி கட்டுனாராம்.

அதுலருந்து எங்க வீட்டுல வழக்கம், பட்டாளம் சொல்லித் தாலி எறங்காது. மொகத்தக் கண்ணால பாக்கணும். எங்கப்பன் சீனாச் சண்டையில காணாமப் போனப்பக்கூட எங்காத்தா பூவும் பொட்டுமாத்தான் இருந்துச்சு. வந்து சேந்தாருல்ல! கொடி மாறுச்சு, பேரு மாறுச்சு, பட்டாளம் அதேதான சார்? அப்பப் பண்ணுன தப்ப இப்பவும் பண்ணும்ல?

உள்ள எம் மருமக கீர்த்தனா தலைநெறையப் பூவோட உக்காந்திருக்கு. ஒரு சொட்டு அழல. பெட்டியில வேற யாரோன்னு அம்புட்டு நம்பிக்க. நீங்க என்னடான்னா தொறக்கவே கூடாதுங்கிறீக. பள்ளத்துல விழுந்த வண்டி தீப்புடிச்சு மொகமே இல்லைங்கிறீக. மொகம் இல்லாட்டி நாங்க எதப் பாத்து நம்புறது? உங்க கம்பெனியில வேற அஜித்து இல்லையா சார்? தெருவுக்கு ஒரு அஜித்து இருக்கானே. நல்லா நெனச்சுப் பாருங்க, உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்.

ஒரே ஒருத்தன்தானா?

சரி சார். அந்தப் புள்ள இன்னுங் கொஞ்ச நேரம் பூவோட இருந்துட்டுப் போகட்டும், அப்பறம் எறக்கிக்கலாம். அதுவரைக்கும் வண்டியில ஏசிய அமத்த வேணாம்னு டிரைவர்ட்டச் சொல்லுங்க. சின்னப் புள்ளையிலருந்தே அவனுக்குப் புழுக்கம் ஆகாது.