கருங்குவளை நாற்று

கருங்குவளை விதையை மண்ணால் மூடக்கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஈரச் சேற்றின் மேல் தூவிவிட்டு, அந்தச் சேறு ஒரு நாளும் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், தெரியும்.

ரெம்பியா ஊர்ப் பக்கத்துச் சதுப்பில் தானாகவே மண்டிக் கிடந்த பூ அது. ஒருமுறை வேர்விட்டால் வருஷா வருஷம் நீலமாகப் பூக்கும். காட்டில் கம்யூனிஸ்டுகள், அவசரகாலம் என்று தோட்டத்துக் குடியிருப்பைச் சுற்றி முள்வேலி போட்டீர்கள். சதுப்பு வேலிக்கு வெளியே போய்விட்டது. செடியை வேரோடு தோண்டிவர வழியில்லை. என் கையில் இருந்தது முன்பே பறித்து வைத்த காய்களின் விதை மட்டும்.

முதல் விதைப்பு ஊரடங்கில் காய்ந்தது. அடுத்ததை வாத்துகள் மேய்ந்தன. தலையில் அடித்துக்கொண்டு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான எனக்குக் கொடுத்த வீட்டின் பின்னால் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் மறுபடி தூவினேன். நூல் நூலாக முளைத்தது. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெரியநாயகி காலையில் பால்மரம் வெட்டிப் பால் இறக்குவாள். பிற்பகலில் ஸ்டோரில் ரப்பர் பால் உறையவைக்கும் தட்டுகளைக் கழுவுவாள். கழுவியது என் வாய்க்காலில். ஆசிட் தண்ணீர். நாற்றுகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. தன்மையாகச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன்.

“குழாயில தண்ணி வரலலா, கிராணி ஐயா. நான் எங்க போயி கழுவுறது? மலாய்க்காரங்க கம்பத்து வயல்ல புடுங்கிப் போடுற களைக்குப் போயி இப்படி மல்லுக்கு நிக்கிறீங்களே,” என்றாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. எரிச்சலாக இருக்காதா, சொல்லுங்கள்.

வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும், காட்டிலிருப்பவர்களுக்குத்தான் என்று பிடிப்பீர்கள். அது உங்கள் சட்டம், என்னுடையது அல்ல. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது நான். ஆட்கள் வரிசையில் நிற்கும்போது வாளிகள் ஓரமாக இருக்கும். பெரியநாயகியின் வாளியில், துணிக்கடியில், ஒரு சிறு அரிசி முடிச்சை வைத்தேன். மரம் வெட்டப் போகும் வழியில், கேட்டில் உங்கள் ஆட்கள் அதை எடுத்தார்கள்; அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் யாரையும் கைநீட்டி அடித்தவன் அல்ல.

அவள் புருஷன் வீரப்பன் கைக்குழந்தையோடு வந்தான். “புட்டிப்பால் குடிக்க மாட்டேங்குதுய்யா. தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா, ஆத்தாள விட்டுருவாங்க.”

“சட்டம் சட்டம்தானே, வீரப்பன். நான் என்ன செய்யிறது?” என்றேன். அன்று புது விதை ஊறப்போட்டிருந்தேன். மனம் அதில் இருந்தது. குழந்தை அந்த வாரமே போய்விட்டது. பாவம்தான். அடக்கத்துக்கு அவனுக்கு லீவு கொடுத்தேன்.

வாய்க்கால் கொஞ்ச நாள் தெளிவாக ஓடியது. நாற்றுகள் இலை விட்டன. பிறகு ஸ்டோரில் அவள் வேலைக்கு மீனம்மாவைப் போட்டார்கள். அவளும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்து தட்டுக் கழுவினாள். எத்தனை பேருக்குத்தான் சொல்வது, ஐயா. இன்று காலை அவள் வாளியில் நான் முடிச்சை வைக்கும்போது உங்கள் காவலாளி என் கையைப் பிடித்துவிட்டான்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு முடிச்சும் நான் வைத்ததுதான். வீரப்பனிடம் மட்டும் சொல்லி அனுப்புங்கள்: சேறு காயாமல் நல்ல தண்ணீராக ஊற்றட்டும். அவன் பொறுமைசாலி, நாற்றைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொள்வான்.