பேர் கூப்பிடும்போது

மதியம் பன்னிரண்டே கால். ஆலங்குடிக்குக் கிழக்கே, முந்திரிக் காட்டுக்கு நடுவே போகிற தார் ரோடு. கண்ணுக்கெட்டிய வரை ஒரு ஆள் இல்லை... பேய் வர ராத்திரிதான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது, பிளெஸ்ஸி? கரண்ட் வருகிறவரை போர்வையை இழுக்காமல் கேள். ஹாஸ்டலில் அடித்துவிடுகிற கதை இல்லை இது. என்னோடு படித்த ஹேமாவின் அக்காவுக்கு நடந்தது.

அக்கா பேர் இளமதி. பஸ்ஸை விட்டு இறங்கி, ரேஷன் சீனிப் பையோடு ஊருக்கு நடந்துகொண்டிருந்தாள். வெயிலில் முந்திரிப் பழம் அழுகுகிற வாடை. பின்னால் ஒரு கார். ஹாரன் இல்லை, பிரேக் சத்தமும் இல்லை. தொம்மென்று ஒரு சத்தம்... அப்புறம் டயருக்கடியில் சீனி நறநறவென்று நெரிகிற சத்தம். கார் நிற்காமல் போய்விட்டது.

அவளுக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். இடுப்பெலும்பு நொறுங்கி நாலு மாதம் படுக்கை. காலில் கிள்ளினால் தெரியாது. அழவும் மாட்டாள். சோறு ஊட்டினால் வாயைத் திறப்பாள். இன்னொரு ஆபரேஷன் செய்தால் நடக்கலாம் என்றார்கள். நஷ்டஈடு கிடைத்தால்தான் ஆபரேஷன். புதுக்கோட்டை வக்கீல் கார்த்திகேயன் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், வண்டி நம்பர் தெரியாமல் கேஸ் நிற்காது என்று.

புருஷன் திருப்பதி நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரக்காரன். பயந்ததில் அவளுக்கு நினைப்பு போய்விட்டது என்று முடிவு கட்டினான். நம் பக்கத்தில் செய்வதுதானே... விழுந்த இடத்து மண்ணை எடுத்துவந்து, உப்பும் மிளகாயும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போடுவது. விபத்து நடந்தபோது அவன் திருப்பூரில் வேலையில் இருந்தான், இடத்தைப் பார்த்ததில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. தானே ரோட்டோரம் தேடிப் போனான். வெள்ளைப் பெயிண்டில் ஆள் படுத்த மாதிரி போலீஸ் போட்ட கோடு ஒன்று தெரிந்தது. பாதி அழிந்திருந்தது. நாலு மாத வெயில் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டு, அதை ஒட்டி ஒரு பிடி மண் அள்ளினான்.

சுற்றி அடுப்பில் போட்டான். மிளகாய் நெடி வரவில்லை. முந்திரிப் பழ வாடைதான் வந்தது. அது முந்திரி காய்க்கிற மாதமே இல்லை... கட்டிலில் கிடந்த இளமதி, கண்ணைத் திறக்காமல், ஒரு கார் நம்பரைச் சொன்னாள். எழுத்தும் எண்ணும் ஒன்றுவிடாமல்.

விராலிமலைப் பக்கத்து வண்டி அது. வக்கீல் கேஸ் போட்டார், நோட்டீஸ் போயிற்று. எட்டாம் நாள் கார்க்காரரே வக்கீல் ஆபீசுக்கு வந்துவிட்டார். ஹேமா அப்போது அங்கேதான் இருந்தாள். ஆளுக்கு வேர்த்துக் கொட்டியதாம்.

"ஏத்துனது நாந்தாங்க. ஆனா மூணு வருசமாச்சு. அந்தம்மா அங்கனயே செத்துப்போச்சே... இப்ப கேஸ் போட்டது யாருங்க?"

கோர்ட்டில் எதிர்த்துப் பேச மாட்டேன், இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், பழையதை மட்டும் கிளறாதீர்கள் என்றார் அந்த ஆள். வக்கீல் பேனாவை மூடி வைத்தார். பிறகு திருப்பதியிடம், கோர்ட்டில் பேர் கூப்பிடும்போது அவள் கையைத் தூக்கி இந்த வண்டிதான் என்று சொன்னால் போதும் என்றார். தப்பு என்று திருப்பதிக்குத் தெரியும். பெண்டாட்டி நடக்க வேண்டும் என்பதும் தெரியும். சரி என்றான்.

கோர்ட்டுக்கு அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று இளமதி என்று கூப்பிட்டார்கள். ஒரு தடவை. இரண்டு. மூன்று. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பதி தோளைத் தொட்டு, கையைத் தூக்கச் சொன்னான்.

"என் பேர இன்னும் கூப்பிடலைங்க" என்றாள்.

வக்கீலே நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். நீங்கள்தானே இளமதி என்று நீதிபதி கேட்டார். இல்லைங்க என்றாள். அடுத்த வாய்தாவிலும் அதையே சொன்னாள். மூன்றாவது வாய்தாவில் மனு தள்ளுபடி. ஆபரேஷனும் போயிற்று. திருப்பதிக்குக் கோபம்கூட வரவில்லையாம். மரத்துப்போய்விட்டான், பாவம்.

அப்புறம்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தக் கேஸ் காகிதத்துக்கு ஒரு நகல் வாங்கினான். அவன் மண் அள்ளிய இடத்து வெள்ளைக் கோடு அந்தப் பிணத்துக்குப் போட்டது. பிணத்தைத் தேடி யாரும் வரவில்லை. ஊர் தெரியவில்லை. பதினைந்து நாள் வைத்திருந்து புதைத்துவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தான். ஹேமா கதவோரம் நின்றிருந்தாள்.

"பெயர் தெரியாத பெண். வயது சுமார் முப்பத்தைந்து."

கட்டில் கிரீச்சென்றது.

இளமதி எழுந்து நின்றாள்... இரண்டு காலிலும், யாரும் பிடிக்காமல். கையைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டேங்க ஐயா."

விடிகிறவரை அப்படியே நின்றாள். அந்த இடுப்போடு நிற்கக் கூடாது. உட்காரச் சொல்ல வேண்டும். திருப்பதி வாயைத் திறந்து திறந்து மூடினான்... என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.