வில்லங்கம் இல்லை

வீடு வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்குச் சட்டத்தில் பதில் கிடையாது. எதிர்வீட்டுக்காரர் நல்லவரா என்பார்கள். பழைய சொந்தக்காரர் பேருக்கு வரும் தபாலைப் பிரிக்கலாமா என்பார்கள். பத்திரத்தில் கையெழுத்து கோணலாகப் போய்விட்டது, வீடு செல்லாமல் போய்விடுமா என்று ஒருவர் கண் கலங்கக் கேட்டிருக்கிறார். யாரையும் பார்த்து நான் சிரித்ததில்லை. சொத்து வாங்கும்போது மனிதர்களுக்குப் பயம் வருவது இயற்கை.

நான் பகலில் ஒரு பத்திர வக்கீலிடம் குமாஸ்தா. மாலையில் சட்ட வகுப்பு. வருகிறவர்களின் கேள்விகளுக்கு முதல் பதில் சொல்வதும் அதைக் கடிதமாக எழுதுவதும் என் வேலை. வக்கீல் சார் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றுதான்: கேட்டதற்குப் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே. அதை நான் மீறியதில்லை. ஆனாலும் சொன்ன பதில் சரிதானா என்ற சந்தேகம் என்னை விடாது. அலுவலகத்தைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். அப்படிப்பட்ட பிறவி.

நான் பரீட்சை லீவு முடிந்து திரும்பிய வாரம், பள்ளி வேன் ஓட்டும் டிரைவரும் அவர் மனைவியும் எங்களிடம் வந்தபோது அந்த அக்காவுக்கு எட்டாம் மாதம். அவர் வீட்டிலேயே தையல் தைப்பவர். கேள்விகளை ஒரு துண்டுத்துணியில் தையல் சாக்பீஸால் குறித்துக்கொண்டு வந்திருந்தார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினார். துணியை மடித்து வைத்துவிட்டு அக்கா கடைசியாகக் கேட்டார்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, தங்கச்சி. வில்லங்கம் எதுவும் இல்லையே?"

"இல்லக்கா."

"இல்லைன்னா இல்லதானே? நாங்க இருக்கிற வீட்டை விடப்போறோம். வீட்டுக்காரர் வேற ஆளுக்குச் சொல்லிட்டாரு. குழந்தையைத் தூக்கிக்கிட்டு நான் எங்க நிக்கிறது?"

"இல்லைன்னா இல்லதான்க்கா."

எங்கள் தொழிலில் வில்லங்கம் என்றால் அந்தச் சொத்தின்மேல் வேறு யாருக்காவது இருக்கும் உரிமை. அடமானம், வழக்கு, குடியிருக்கும் உரிமை, எதுவாகவும் இருக்கலாம். தெருவில் வில்லங்கம் என்றால் வம்பு. அக்கா இரண்டையும் சேர்த்தே கேட்டார் என்று நினைக்கிறேன். நான் ஏற்கனவே வாங்கி வைத்திருந்த வில்லங்கச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அதில் ஒன்றும் இல்லை. அன்றே கடிதமாகவும் எழுதி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வீட்டை விற்பவர் வெளியூரிலிருந்து அவருடைய அப்பாவின் உயிலின் நகலை அனுப்பினார். வீடு மகனுக்கு. ஆனால் மாடி அறையில் தம்பி, அதாவது விற்பவரின் சித்தப்பா, தன் ஆயுள் உள்ளவரை குடியிருக்கலாம். நான் அந்த வரியைப் பலமுறை படித்தேன். எப்படிப் படித்தாலும் அது வில்லங்கம்தான். தொலைபேசியில் விற்பவரைக் கேட்டேன். மேலே ஒருவர் இருப்பது உண்மையா?

"யாரு, வில்லங்கச் சித்தப்பாவா? இருக்காரே. எங்க வீட்டுல அவருக்கு அதுதான் பேரு. வாயைத் திறந்தா வம்புதான்." அவர் சிரித்தார்.

இதை வக்கீல் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் அதற்கு முன்பு ஒரு பத்திரத்தில் நான் கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதி, திருத்தல் பத்திரம் போட வேண்டியதாயிற்று. சார் கோபப்படவில்லை. "இன்னொரு திருத்தம் வந்துச்சுன்னா உன்னைத்தாம்மா திருத்தணும்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அவரிடம் போய் எனக்குத் தெரியாது என்று சொல்வதைவிட எதையும் செய்யலாம் என்று தோன்றியது.

யோசித்துப் பார்த்தேன். ஒரு பதில் தவறாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. பதிலை மாற்றலாம், அல்லது பதிலுக்கு ஏற்றபடி விஷயத்தை மாற்றலாம். முதல் வழியில் அக்காவும் குழந்தையும் தெருவில் நிற்பார்கள், எனக்கு வேலை போகும். இரண்டாவதில் பாதிக்கப்படுவது ஒருவர் மட்டும். இதை நான் மாலை வகுப்பில் யாரிடமும் விவாதிக்கவில்லை.

சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். வீட்டின் பின்பக்கம் வெளியே இரும்புப் படிக்கட்டு. மேலே ஏறி முடிக்கும் இடத்தில் ஒரு தகடு, அதன் போல்ட்டுகள் துருப்பிடித்து விழுந்துவிட்டன. தகடு புரளாமலிருக்க, அதற்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் சித்தப்பா ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருந்தார்.

"பயப்படாம வா, வக்கீலம்மா. ஆப்பு நல்லா இருக்கு. எனக்கு வேற யாரும் வந்து ஆப்பு வைக்க வேண்டாம்னு நானே வெச்சுக்கிட்டேன்."

நான் வக்கீல் இல்லை, படிக்கிறேன் என்றேன். அப்படியானால் அரை வக்கீலம்மா என்றார். அவர் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். ஊரையே ஏற்றி இறக்கிய தனக்கு இந்த வயதில் படிதான் கதி என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். அறை சுத்தமாக இருந்தது. பாத்திரங்கள் மூட்டையாகக் கட்டியிருந்தன, படுக்கை சுருட்டியிருந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க எப்ப காலி பண்றீங்க, சித்தப்பா?" என்று கேட்டேன்.

"யாரை?" என்றார்.

அந்த நகைச்சுவை எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. அப்போது நான் உயிலைப் பற்றிச் சொன்னேன். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டேன்.

"நான் சாகுற வரைக்கும் இருக்கலாம்னு அண்ணன் எழுதியிருக்கான். அண்ணன் பேச்சை நான் என்னைக்கு மீறினேன்?" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துத் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, இது உங்க வக்கீலுக்குத் தெரியாததா? அவரையே போய்க் கேளு."

அதை நான் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். சாரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்கிறார். இன்னும் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அதே சிரிப்பு, அதே பதில். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியவர்கள் அந்த வருடம் வேறு யாரும் இல்லை.

கடைசியாகப் போனது ஒரு பகல்வேளையில். அவர் தேநீர் கொடுத்தார், குடித்தேன். டம்ளரைக் கழுவ அவர் உள்ளே போனார். நான் விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்து, தகட்டில் கால் வைக்காமல் தாண்டி அடுத்த படியில் நின்று, குனிந்து அந்த மரத்துண்டை உருவினேன். இறுகியிருக்கும் என்று நினைத்தேன். சுலபமாகவே வந்தது. பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. மறுபடி ஏறிப்போய்ச் செருகிவிடலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். அக்காவின் கடிதம் நினைவுக்கு வந்தது. இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் கையெழுத்து அதில் இருக்கிறது.

"சித்தப்பா, ஒரு கையெழுத்து வாங்க மறந்துட்டேன். கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டேன்.

"இந்தா வந்துட்டேன், வக்கீலம்மா" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் மறதிக்காரி என்று அவருக்குத் தெரியும். என்னைக் காக்க வைக்கக் கூடாது என்று வேகமாக வந்தார்.

ஆம்புலன்ஸை அழைத்தது நான்தான். விசாரிக்க வந்த காவலர் நல்ல மனிதர். விழும்போது பக்கத்தில் இருந்தாயா அம்மா என்று கேட்டார். இல்லை, கீழே இருந்தேன் என்றேன். படி ஏற்கனவே கெட்டுப்போயிருந்ததா என்றார். ஆமாம் என்றேன். வயதானவர்கள் சொன்னால் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

தையல்கார அக்கா மட்டும் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெரியவர் உயிர் வீட்டுக்குள்ளேயா போனது? இல்லை அக்கா, ஆஸ்பத்திரியில் என்றேன். பாவம், பிள்ளை பிறந்ததும் வந்து பார்ப்பதாகச் சொன்னாரே என்று அழுதார். அக்காவுக்கு எப்படிச் சித்தப்பாவைத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பத்திரப்பதிவுக்கு முந்தைய நாள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சார் வந்து, விடுதலைப் பத்திரத்தையும் சேர்த்துவிட்டாயா என்று கேட்டார்.

"எந்த விடுதலைப் பத்திரம், சார்?"

"சித்தப்பாவோடதும்மா. நீ பரீட்சைக்கு லீவுல இருந்தப்ப டிரைவரும் அந்தப் பொண்ணும் வீடு பார்க்கப் போயிருக்காங்க. அவ மேல ஏற முடியாம கீழயே உட்கார்ந்துட்டாளாம். மறுநாளே மனுஷன் இங்க வந்து நின்னார். பிள்ளை பிறக்கிறதுக்குள்ள ஒதுங்கிக்கிறேன், என் உரிமையை எழுதி வாங்கிக்கோங்கன்னார். பதிவும் பண்ணியாச்சு. சிநேகிதர் வீட்டுக்குப் போறதுக்கு மூட்டைகூடக் கட்டிட்டார்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்கிட்ட அவர் சொல்லலையா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

அவர் அலமாரியிலிருந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். தேதியைப் பார்த்தேன். என் கடிதத்தையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தேன். பத்திரம் முந்தியது, கடிதம் பிந்தியது. நான் அக்காவிடம் இல்லை என்று சொன்ன அன்று உண்மையிலேயே வில்லங்கம் இல்லை. என் பதிலில் தவறே இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது.

சித்தப்பாவை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த ஆப்பை உருவியிருக்கவே தேவையில்லை. என்னிடம் உள்ள ஒரே குறை, தன்னம்பிக்கை போதாது.