சைரனுக்கு முன்னால் யாரும் கிளம்பக் கூடாது

நான் சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. காலையில் தலைக்குக் குளித்து, சாமி படத்துக்கு முன் விழுந்து எழுந்து, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை போட்ட வாயால் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. சாவித்ரியை வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே உங்களுக்குப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கிறாள். விசாரணைக்கு வந்தவர் கை நனைக்கக் கூடாது என்று உங்கள் அலுவலகத்தில் விதி இருந்தால் சொல்லிவிடுங்கள், தேவதர்ஷினி அம்மா. விதி என்றால் எனக்கு மரியாதை உண்டு. என் கதையே அதுதான்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறுவாரமே எங்கள் நகர் நலச் சங்கத்துக்குத் தலைவனாக்கிவிட்டார்கள். இரும்புலியூர்ப் பக்கம் ஒரு மனுஷன் பகலில் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், அவனைத் தலைவனாக்கிவிடுவார்கள்.

பெரிய வெள்ளம் வந்து போன பிறகு, வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு தேசத்துக்கு எங்கள் மேல் இரக்கம் வந்தது. ஏரிக்கரையில் எச்சரிக்கைச் சைரன் வைக்கப் பணம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு ஒரு நிபந்தனை. பொத்தான் அரசாங்கத்தின் கையில் இருக்கக் கூடாது, மக்கள் கையில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல வந்தவன் உமேஷ். தொண்டு நிறுவனத்துப் பையன், நல்ல பையன், நெற்றி எப்போதும் வியர்த்திருக்கும்.

"சார், வெளிநாட்டுப் பணம் வந்தா அதுக்கு யாராவது கேள்வி கேக்கணும் இல்லயா? அதுக்குத்தான் சிவில் சொசைட்டி வேணும்."

"அது யாருப்பா? எங்க இருக்காங்க?"

"நீங்கதான் சார்."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அறுபத்தெட்டு வயது வரைக்கும் நான் சிவில் சொசைட்டி என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கண்காணிப்புக் குழு போட்டோம். பாதிக்கப்படுகிற பெண் ஒருத்தி குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். பள்ளத்தில் இருக்கும் கீழ்த் தெருவிலிருந்து அங்காளம்மாளைச் சேர்த்தோம். அவள் பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளின் மெஸ்ஸில் சமையல் செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பூரி. எங்கள் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். ஆகவே அவள் வராத கூட்டங்களில் அவளுடைய முழுச் சம்மதத்தோடு முடிவெடுத்தோம்.

ஏற்பாடு சுலபமானது. ஏரி மதகுப் பக்கம் ஒரு தூண். அதில் கீழிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு. மதகுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் யாசீன் தூணைப் பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் எனக்குப் போன் செய்வான். பொத்தான் என் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்தில். நான் அமுக்கினால் சங்கக் கட்டடத்து மொட்டை மாடியில் சைரன் அடிக்கும். சிவப்பைத் தொட்ட தண்ணீர் கீழ்த் தெருவுக்குள் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அந்தத் தேசம் அத்தனை பணம் கொடுத்தது.

சோதனை ஓட்டத்தன்று சைரன் அடித்ததும் வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் சிங்கம் எழுந்து நின்று பதில் சொன்னது. என் காதால் கேட்டேன். எதிர் வீட்டு சூர்யநாராயணன் அது லாரி ஹாரன் என்பார். அவருக்கு இசை ஞானம் கிடையாது.

அந்த ஒரு மணி நேரம் யாருக்கு வேண்டுமோ இல்லையோ, அங்காளம்மாளுக்கு வேண்டும். அவள் புருஷன் ஜீவரத்தினம் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நல்ல கனமான சரீரம். கட்டிலோடு தூக்க நான்கு ஆண்கள் வேண்டும். கீழ்த் தெரு ஆண்களெல்லாம் ஒரகடம் கம்பெனிகளுக்குப் போய்விடுவார்கள். சைரன் கேட்டால்தான் மேலேயிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள்.

முதல் வருஷம் யாசீன் போன் செய்தான், நான் உடனே அமுக்கினேன். ரயில்வேயில் சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கைப் போட வேண்டும் என்பது பாலபாடம். கீழ்த் தெருவே எழுந்து கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டது. அங்கே சூர்யநாராயணன் பெண் ப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். ஜீவரத்தினத்தைக் கட்டிலோடு கொண்டுவந்து மேடைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். இன்றைக்கும் அந்த ஆல்பத்தைப் பார்த்தால், பெண்ணும் பிள்ளையும் மோதிரம் மாற்றும்போது பின்னால் ஒருவர் படுத்தபடி ஜாங்கிரி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை வீட்டாருக்குச் சாம்பார் பற்றவில்லை. தண்ணீரோ, கீழ்த் தெரு முனையில் இருக்கும் சிறு பாலம் வரை வந்து, ஏதோ மறந்துவிட்டதுபோலத் திரும்பிப் போய்விட்டது.

அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து மதிப்பிட வந்தார்கள். சால்வை போர்த்தினோம், இளநீர் கொடுத்தோம். அவர்கள் குறித்துக்கொண்டு போனது ஒன்றுதான்: பொய் எச்சரிக்கை, ஒன்று.

அங்காளம்மாள் அன்று மெஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "தண்ணி வந்தா பொயச்சோம், வரலன்னா சாப்ட்டோம். இதுல தப்பு இன்னா கீது சார்?" என்றாள். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு உமேஷ் என்னை ஓரமாக அழைத்துப் போனான்.

"சார், இன்னொரு பொய் எச்சரிக்கை வந்தா ரெண்டாம் கட்டம் கைவிட்டுப் போயிடும். படப்பை வரைக்கும் ஏரி ஏரியா சைரன் வைக்கற திட்டம் சார் அது. இன்னொண்ணும் பாப்பாங்க. சைரன் அடிச்சப்புறம் கிளம்பினது எத்தனை பேர், அதுக்கு முன்னாடியே கிளம்பினது எத்தனை பேர்னு வீடு வீடா கேப்பாங்க. முன்னாடியே கிளம்பினா மக்களுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்."

"நம்பிக்கை இருந்தா?"

"உங்களை அங்க கூப்பிட்டுப் பேசச் சொல்வாங்க சார். மாதிரிக் குழுத் தலைவர்னு."

நான் ஆசைப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் அங்கே குளிர் எலும்பில் இறங்குமாம். முன்னேற்பாடாகப் பாரிமுனையில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். உடம்புக்குப் பழக்க வேண்டும் என்று சாயங்காலங்களில் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். "ஏன்னா, பார்க்கறவா பயப்படப் போறா, கழட்டுங்கோ" என்பாள் சாவித்ரி. மே மாதம். வியர்வையில் நாற்காலி நனைந்து, அடுத்த நாள் அதில் காளான் முளைத்திருந்தது.

கணக்கைப் பாருங்கள், அம்மா. இந்தப் பக்கம் ஒரு தெரு. அந்தப் பக்கம் படப்பை வரைக்கும் எத்தனை ஏரி, எத்தனை தெரு, எத்தனை ஜனம். ஒரு பொறுப்பான மனுஷன் எதைப் பார்ப்பான்?

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மதிப்பீட்டுக் குழு மறுநாள் வருவதாக இருந்தது. முந்தின நாளிலிருந்தே மழை. டிவியில் வழக்கம்போல மழைக்கோட்டு போட்ட பையன்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். டிவியை நம்பி முடிவெடுக்க முடியுமா? மழை என்றால் பெய்யும், நிற்கும். நிச்சயமாக யாருக்கும் எதுவும் தெரியாது. இதை நீங்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் அங்காளம்மாள் கேட்டருகில் வந்து நின்றாள். தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஏரி தளும்பிக்கினு கீது. தெருவுல ஒரு ஆம்பள இல்ல. நா ஆட்டோ சொல்லிட்டேன், பின் சீட்டக் கழட்டிட்டு அவர அப்டியே படுக்க வெச்சி படப்பையில தங்கச்சி வூட்டுக்கு இட்டுக்கினு பூடறேன். உன்னாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். குழுவுல கீறேன் இல்ல."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குழுவில் இருக்கிறவளே சைரனுக்கு முன்னால் கிளம்பினால் நாளைக்கு வருகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

"சைரன் எதுக்கும்மா வெச்சிருக்கு?" என்றேன். "நீயே நம்பலன்னா யாரு நம்புவா?"

"நம்பறேன் சார். ஆனா அவரத் தூக்க நேரம் ஆவும்."

"ஒரு மணி நேரம் இருக்கு. சைரன் அடிச்ச உடனே நாலு பேரை நானே அனுப்பறேன். இந்த மழையில ஆட்டோவுல அவரைக் குலுக்கிண்டு போனா முதுகு என்னத்துக்கு ஆகும்? யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். நான் சொன்னது நியாயமாக இருந்தது. நான் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவேன்.

"மெஸ்ஸுக்கும் போவணும். போவலன்னா ஓனர் பேஜார் பண்ணுவாரு. அங்க சைரன் கேக்குமா சார்?"

"வண்டலூர் சிங்கத்துக்கே கேட்டுது. தாராளமா பொத்தேரி வரைக்கும் கேக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப சரி சார். உன் பேச்ச நம்பித்தான் போறேன்." இதைச் சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனாள். தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. அதை நான்தான் குடை பிடித்துக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பினேன். ஓட்டுநர் கொஞ்சம் முணுமுணுத்தான். காத்திருந்ததற்கு ஒரு தொகை கொடுத்தேன். யாருக்கும் நஷ்டம் வைக்கிற ஆள் இல்லை நான்.

நான்கு மணிக் காபி ஆறும் முன் யாசீன் போன் செய்தான்.

"கிட்டு சார், செவப்பத் தொட்டுடுச்சு."

"தொட்டுடுத்தா, தொடற மாதிரி இருக்கா?"

"தொட்டுடுச்சு சார்."

"அலை அடிச்சுத் தொட்டதா, தானா நிக்கறதா?"

"சார், நா அங்க தண்ணில நின்னுக்கினு பேசறேன். அமுக்கு சார்."

"நீ பதட்டமா இருக்கே யாசீன். ஒரு போட்டோ அனுப்பு."

போட்டோ வந்தது. மழையில் தூண் சரியாகத் தெரியவில்லை. இன்னொன்று கேட்டேன். அதில் சிவப்பே தெரியவில்லை. தண்ணீர் சிவப்புக்குக் கீழே இருக்கிறதா அல்லது சிவப்பே முழுகிவிட்டதா என்று ஒரு படத்தை வைத்து எப்படிச் சொல்வது? குழுவில் மற்றவர்களைக் கலந்துகொள்வதுதான் முறை என்று பட்டது. சூர்யநாராயணனுக்குப் போன் செய்தேன். போன தடவை சாம்பார் பற்றாமல் போனதை அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. பெரியவர்.

யாசீன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் எடுத்தேன். தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் ஒரு கிழவி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு நிச்சயமாயிற்று. அமுக்கினேன்.

சைரன் அருமையாக அடித்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

அப்போது கீழ்த் தெருவில் தண்ணீர் மார்பளவு. சைரன் கேட்டு ஓடிய பையன்களைப் பாலத்துக்கு அப்பால் போலீஸ் விடவில்லை. யாசீன் நீந்திப் போயிருக்கிறான். ஜீவரத்தினத்தின் கட்டில் மரக்கட்டில். அது மிதந்திருக்கிறது. ஓடு வரைக்கும் மிதக்க இடம் இருந்தது. அதற்கு மேல் இல்லை.

மறுநாள் சொன்னபடி அவர்கள் வந்தார்கள். வராமல் இருப்பார்கள் என்று நினைத்தேன், நேரம் தவறாத ஜனம். மண்டபத்தில் கீழ்த் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பியூலா என்றொரு அம்மாள், வெள்ளைத் தலைமுடி, தமிழ்ப் பேரென்று நினைத்தேன், இல்லையாம், அங்காளம்மாளின் எதிரே தரையிலேயே உட்கார்ந்து, சைரனுக்காகக் காத்திருந்தீர்களா என்று உமேஷ் மூலமாகக் கேட்டாள்.

அங்காளம்மாள் அழவில்லை. "அடுப்ப அணைச்சிட்டேன் மா," என்றாள். "அடுப்பு சத்தத்துல கேக்காம பூடுமோன்னு. பசங்கள தட்டத் தட்டாத இருங்கடான்னு சொன்னேன். ஜன்னலாண்ட போயி காத வெச்சிக்கினே நின்னேன்."

உமேஷ் என்னைப் பார்த்தான். நெற்றி வியர்த்திருந்தது. நான் மெல்லத் தலையசைத்தேன். அவன் ஆங்கிலத்தில், ஆமாம், இந்த அம்மாள் சைரனுக்காகக் கடைசி வரை காத்திருந்தார் என்று சொன்னான். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

பொய் எச்சரிக்கை: இல்லை. சைரனுக்கு முன் கிளம்பியவர்கள்: ஒருவரும் இல்லை. இரண்டாம் கட்டம் வந்துவிட்டது, அம்மா. படப்பை வரைக்கும் தூண் நட்டிருக்கிறார்கள், பச்சை, மஞ்சள், சிவப்பு. அந்தத் தூண்களை நினைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அங்காளம்மாள் கொடுத்த புகாரின் பேரில் நீங்கள் வந்திருக்கிறீர்கள். கொடுக்கட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது. கேள்வி கேட்கத்தானே சிவில் சொசைட்டி.

ஆனால் நான் என்ன செய்திருக்க முடியும்? அந்த உண்மைதான் என்னைத் தின்கிறது. தண்ணீர் வரும் என்று ஒரு மனுஷனுக்கு, ஒரே ஒரு மனுஷனுக்கு, அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அந்த ஜீவன் பிழைத்திருக்கும். யாருக்கும் தெரியவில்லை. நானும்தான் வெள்ளத்தில் இழந்தவன். ராத்திரி என் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்து ஃபிரிட்ஜ் போயிற்று, இன்வெர்ட்டர் போயிற்று, கம்பளிக் கோட்டு சேற்றில் ஊறிக் கரடி செத்த மாதிரி கிடந்தது.

காரா? காருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று காலை காபி குடித்த கையோடு அதை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.