எப்போதும் இரண்டு வரிசை

இந்தப் படிவத்தில் பதினான்காவது கேள்விக்கு இரண்டு விரற்கடை இடம்தான் விட்டிருக்கிறார்கள். 'நோயாளியிடம் முதல் அறிகுறி எப்போது, எப்படித் தென்பட்டது?' நர்ஸிடம் கூடுதல் தாள் கேட்டேன். "அதுக்கெல்லாம் யாரும் தேதி சொல்ல மாட்டாங்க தம்பி, 'போன வருஷம்'னு போடுங்க போதும்" என்றார். எனக்குத் தேதி தெரியும். தவறான தகவல் தருவது தண்டனைக்குரியது என்று அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். தெரிந்ததைத் தெரியாது என்று எழுத மனம் வரவில்லை.

போன வருடம் அக்டோபர் மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று இருபது. அக்கா குளிக்கப் போயிருந்தாள்.

நீங்கள் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை, டாக்டர். முதல் மாடியில் இரண்டு அறை. அக்கா அங்கேயே உட்கார்ந்து ஸ்வெட்டர், காலுறை, குழந்தைத் தொப்பி எல்லாம் பின்னுவாள். ஆண்டுக் கடைசியில் விடுமுறை நெருங்கினால் குரோஷா ஊசியை எடுத்துக்கொண்டு நட்சத்திரம், மணி, தோரணம் என்று அலங்காரச் சாமான்கள் போடுவாள். பெரிய கடைகள் வாங்கிக் கண்ணாடி ஜன்னலில் தொங்கவிடும். வீட்டில் பாதி இடம் நூலுக்கு, மீதி எங்களுக்கு. நாற்காலியில் உட்காரும் முன் ஊசி கிடக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுதான் எங்கள் குடும்ப வழக்கம்.

அம்மாவும் அப்பாவும் போனபோது எனக்குப் பதினொன்று, அக்காவுக்கு இருபத்து மூன்று. அதன் பிறகு என் உடம்பில் ஏறிய ஸ்வெட்டர் எல்லாம் அவள் பின்னியது. எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. விரோதம் ஏதாவது இருந்ததா என்று நீங்கள் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் தலையில் சின்ன பிளாஸ்டிக் உருளை ஒன்றை மாட்டியிருப்பார்கள். ஒரு வரிசை முடிந்தால் அதில் ஒரு எண்ணைத் திருப்ப வேண்டும். எத்தனை வரிசை ஆயிற்று என்று அது சொல்லும். அக்கா அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். "கணக்குப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பாள். உண்மையில் அவளுக்கு அது தேவையே இல்லை. துணியைக் கட்டைவிரலால் தடவினாலே எண்ணிவிடுவாள். நாலு மணி நேரம் பேசிக்கொண்டே பின்னினாலும் ஒரு கண்ணி தவறாது.

நூல்கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆடைக்கான நூல் முழுவதும் ஒரே சாயத்தொட்டியில் நனைந்ததாக இருக்க வேண்டும். தொட்டி மாறினால் முதுகு ஒரு நீலம், மார்பு ஒரு நீலம் என்று வந்து நிற்கும். அவர் அக்காவுக்காக ஒரே தொட்டி நூலைத் தனியே எடுத்து வைப்பார். எட்டு வருடம் எடுத்து வைத்தார். போன வருடம் ஆகஸ்டில் ஒருநாள் வீட்டுக்கே வந்து நூல் பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

"எத்தனை நாளைக்குத்தான் எடுத்து வெச்சுட்டு நீங்க வர்ற வரைக்கும் வாசலையே பாக்குறது? கடைக்குப் பின்னாடியே வீடு இருக்கு. நீங்க அங்கயே இருந்தா எனக்கு வாசல் பாக்குற வேலை மிச்சம்."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதிமூன்று வருடம் நாங்கள் இருவர் மட்டுமே ஒரே வீட்டில் இருந்தும் அதை எங்கே வைத்திருந்தாள் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பி, "இனிமே அத்தான்னு கூப்பிடு மாப்பிள்ளே" என்றார்.

"கல்யாணம் ஆகட்டும்" என்றேன்.

"விவரமான ஆளுதான்" என்று முதுகில் தட்டினார்.

கையில் இருக்கும் வேலையை ஊசியில் நிறுத்திவிட்டு எந்த வீட்டுக்கும் போகமாட்டேன் என்பது அக்காவின் சட்டம். ஒரு கடைக்கு நூற்றிருபது நட்சத்திரம், அவருக்கு ஒரு ஸ்வெட்டர். இரண்டையும் முடித்துவிட்டு ஜனவரியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

"நான் போயிட்டா நீ என்னடா பண்ணுவ? கேஸ் பத்தவைக்கத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"அணைக்க?"

அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்தது இவ்வளவுதான். கணக்குப்பிள்ளையை இரண்டு எண் முன்னால் தள்ளினேன். கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனால் போதும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் என்ன கிடைக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஏன் இரண்டு என்று கேட்பீர்கள். அக்கா பின்னும் முறையில் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. இரண்டும் சேர்ந்துதான் துணியில் ஒரு மேடு எழும்பும். ஒற்றைப்படையில் கை வைத்தால் நூல் தவறான ஓரத்தில் வந்து நிற்கும், அவள் உடனே பிடித்துவிடுவாள். இரண்டாக எடுத்தால் நூல் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். இதெல்லாம் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

குளித்துவிட்டு வந்து எண்ணைப் பார்த்தாள். "அட, இவ்ளோ பின்னிட்டேனா" என்று தலையைத் துவட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். அதுதான் முதல் அறிகுறி.

மறுநாளும் இரண்டு. ஒரு வாரத்தில் பதினாலு. அவருடைய ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் மேசையில் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது ஒன்று குட்டையாக இருந்தது. கணக்குப்பிள்ளையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை அவள் எண்ணை நம்பாமல் துணியை எண்ண ஆரம்பித்ததால், நான் துணியையே பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வரிசை பிரித்து, கண்ணிகளை ஊசியில் திரும்ப ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். பிரித்த நூல் சுருண்டு நிற்கும். கெட்டில் ஆவியில் காட்டினால் நேராகிவிடும். சுத்தமான வேலை. அவளே பார்த்திருந்தால் பாராட்டியிருப்பாள்.

மூன்றாம் முறையும் பிரித்தபிறகு அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு கை குட்டையாகவே ஸ்வெட்டரை முடித்துக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல். அவர் போட்டுக்கொண்டு கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பினார்.

"என் கையே அப்படித்தாங்க. இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் சரியா அளவெடுத்திருக்கீங்க."

நல்ல மனிதர். எனக்கு அது சிரமமாக இருந்தது.

பிறகு நட்சத்திரங்கள். எண்பது முடிந்தது என்று அட்டைப்பெட்டியின் மேல் எழுதி வைப்பாள். காலையில் எண்ணினால் எழுபத்தாறு இருக்கும். நான்கையும் பிரித்து நூலை உருண்டையில் சுற்றிவிட்டிருப்பேன். ஒரு நாள் எண்பதை எண்பத்தாறாக்கினேன். எண்ணைப் பார்ப்பாள், பெட்டியைப் பார்ப்பாள், தன் கையைப் பார்ப்பாள். திட்டவில்லை, அழவில்லை. நட்சத்திரங்களைத் தரையில் பத்துப் பத்தாக அடுக்கி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பாள். நவம்பர் முதல் வாரத்தில் ஒருநாள், "நீ எண்ணுடா, எனக்கு வரமாட்டேங்குது" என்றாள்.

அன்று முதல் கணக்குப்பிள்ளை நான். எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை.

அப்படியும் அவர் விடவில்லை. ஆர்டர் கிடக்கட்டும், கல்யாணத்தை முதலில் வைத்துக்கொள்வோம் என்றார். அதனால்தான் கேஸ்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் வருவதாக இருந்தது. மூன்று ஐம்பதுக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அடுப்பைத் திறந்துவிட்டு, நான் கீழே கேட்டருகே வந்து நின்றுகொண்டேன். அக்கா உள் அறையில் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தாள். ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. அவர் நேரம் தவறாதவர். அன்று மட்டும் ஏழு நிமிடம் தாமதமாக வந்தார். அதற்கு நான் பொறுப்பில்லை.

அவர் படியிலேயே வாசனை பிடித்து ஓடினார். ஜன்னல்களைத் திறந்தார். அக்காவை வெளியே இழுத்து வந்து படியில் உட்காரவைத்தார். அவள் கையில் பாதி நட்சத்திரம் இருந்தது.

"நான் மூடினேன். மூடினேன்லடா?" என்று என்னிடம் கேட்டாள்.

"நீ மூடின மாதிரி எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அடுத்த வாரம் அவள் கல்யாணத்தை வேண்டாம் என்றாள். அவர் வாசலில் நின்று கெஞ்சினார். "நீங்க மறந்தா நான் ஞாபகப்படுத்துறேன். அவ்ளோதானேங்க?"

"ஒருநாள் உங்களையே எரிச்சுட்டு, எரிச்சதையும் மறந்துட்டேன்னா?" என்று கதவைச் சாத்தினாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

உங்களுக்கு முன் பார்த்த டாக்டர் அவளிடம் மூன்று கேள்வி கேட்டார், என்னிடம் முப்பது. இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதை அவர் குறித்துக்கொண்டார். மாத்திரை எழுதினார். மாத்திரையில் கை நடுங்கியது. நடுங்கும் கையில் ஊசி நிற்காது என்பதால் ஊசிகளை அலமாரிக்கு மேலே வைத்தேன். நட்சத்திர ஆர்டர் வேறு யாருக்கோ போயிற்று. நானே சமைத்தேன். கேஸ் பற்றவைத்தேன், அணைத்தேன். மாத்திரை போட்டாளா என்று அவளுக்கே சந்தேகம் வரும். சில நாள், போட்டிருந்தாலும், இன்னும் போடவில்லை என்பேன். அந்த நாட்களில் நன்றாகத் தூங்குவாள். பத்து மாதம் வீடு அமைதியாக இருந்தது. பிறகு, சரியாக மூன்று வாரத்துக்கு முன் அவள் படியில் விழுந்தாள். இங்கே கொண்டுவந்தோம்.

நீங்கள் ஸ்கேன் எடுத்தீர்கள், ஒன்றும் இல்லை என்றீர்கள். மாத்திரைகளை நிறுத்தினீர்கள். கை நடுக்கம் நின்றது. அக்கா ஊசி கேட்டாள். நூல்கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் பார்வை நேரத்துக்கு அரை மணி முன்பே அந்த ஸ்வெட்டரோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பது யார் என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? அவர்தான்.

இன்று காலை பத்து மணிக்கு நீங்கள் அவளிடம் சொன்னது எனக்கு மனப்பாடம்.

"முப்பது கண்ணி, நாப்பது வரிசை. கணக்குப்பிள்ளையெல்லாம் கிடையாது. நீங்களே பின்னி, நீங்களே எண்ணி முடிக்கணும். முடிச்சுட்டா மருந்தும் வேண்டாம், காவலும் வேண்டாம். உங்க கையெழுத்தை நீங்களே போட்டுட்டு எங்க பிடிக்குதோ அங்க போங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நீங்கள் வராந்தா பக்கம் பார்த்தீர்கள்.

நீங்கள் போனதும் அவள் பின்ன ஆரம்பித்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். பழைய வேகம் பாதிதான் இருந்தது, ஆனால் ஒரு கண்ணி நழுவவில்லை. பதினொன்றேகாலுக்கு நிறுத்தினாள். துணியை மடியில் விரித்துக் கட்டைவிரலால் மேடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். இருபது மேடு. நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், சரியாக இருபது. அவள் சிரித்தாள். ஆகஸ்டில் பார்த்த சிரிப்பு.

"நாப்பது வந்துருச்சுடா. சரிதானே?"

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"முப்பத்தெட்டுக்கா" என்றேன்.

துணியைப் பார்த்தாள். விரல் ஒரு மேட்டின் மேல் நின்றுவிட்டது. "இருபது மேடு இருக்கிற மாதிரி இருந்துச்சே."

"பத்தொம்பதுதான். ஆரம்பத்துல கண்ணி போட்ட ஓரத்தையும் ஒரு மேடுன்னு சேர்த்துட்ட."

கண்ணி போட்ட ஓரத்தை ஒரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு, "ஆமா. சேர்த்துட்டேன் போல. நல்லவேளை, நீ இருந்த" என்றாள். இன்னும் இரண்டு வரிசை பின்னி முடித்தாள்.

நீங்கள் வந்து பேனா முனையால் எண்ணினீர்கள். இருபத்தொன்று வந்தது. இன்னொரு முறை எண்ணினீர்கள், இருபத்தொன்றுதான். "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தாளில் குறித்தீர்கள். அவள் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டாள், என்னிடமும் கேட்டாள். அவளை நான் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை.

ஆக, நீங்கள் எண்ணியது சரி, அவள் எண்ணியதும் சரி. அந்தக் கடைசி இரண்டு வரிசை என்னுடையது. அதற்கு முந்தியவையும் என்னுடையவைதான், அக்டோபரிலிருந்து.

அடுத்த கேள்வி, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் யார் என்று. என் பெயரையே எழுதியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் அக்காவிடமே கேட்டுப் பாருங்கள், அவளும் என்னைத்தான் சொல்வாள்.